இருநூற்று அறுபதும் இரண்டும்

கதவைக்கூடத் திறக்காமல்
ஜன்னல் வழியே ஓரின் சொன்னான்:
"இருநூற்று அறுபது."

முந்தின நாள் வரை அது நூற்றறுபது.
இடையில் நடந்தது இவ்வளவுதான்:
டீசல் பம்பின் மூடியைத் திறந்து
உள்ளே இருந்த சின்னத் தகடு ஒன்றைத்
துளி முன்னே தள்ளினான்.
ஸ்பிரிங் இரண்டை மாற்றினான்.
ஒரு ஸ்பேனர், ஒன்றரை பாட்டில் பீர்.
நூறு குதிரைகள்
லாயம் கேட்காமல் பிறந்துவிட்டன.

என் கணவரின் தம்பி அவன்.
வண்டி என்னுடையது.
தொண்ணூற்று மூன்றாம் வருடத்துப் பிக்கப்,
மூன்று லட்சம் மைல்,
வலது கதவு வேறு நிறம்.

அக்டோபரில், லெம்ஹைப் பள்ளத்தாக்கிலிருந்து
மொன்டானா பக்கம் விற்க
டிரெய்லரில் இரண்டு பெண்குதிரைகளை ஏற்றினோம்,
பிஸ்கட், மேபல்.
இரண்டை இழுக்க இருநூற்று அறுபது.
கணக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஏற்றத்தில் எப்போதும்
எங்களைக் கடந்து போகும் மரலாரியை
அன்று நாங்கள் கடந்தோம்.
கண்ணாடியில் பார்த்தேன்,
எங்கள் கரும்புகைக்குள்
அந்த ஓட்டுநரின் கை மட்டும் தெரிந்தது,
வாழ்த்தாக இருக்காது.
ஓரின் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தான்,
கழுத்தைத் தட்டுவது போல.

உச்சிக்கு அப்புறம் ஏழு மைல் இறக்கம்.

முதல் வளைவில் பெடல் பாதி இறங்கியது.
மூன்றாவதில் முழுக்க.
ஈர ரொட்டியை மிதிப்பது போல் இருந்தது.
கருகல் வாசனை.
டிரெய்லர் பிரேக்கின் ஒயரை
கோடையில் எலி கடித்ததை
அப்போதுதான் ஓரின் சொன்னான்.
இரண்டாவது கியருக்கு இழுத்தேன்.
இன்ஜின் அலறியது.
பின்னால் எட்டுக் குளம்புகள்
தரையைத் தேடிக்கொண்டிருந்தன.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல்
குழியும் பறித்ததாம்.
எங்களுக்கான குழியை
நெடுஞ்சாலைத் துறை பறித்து வைத்திருந்தது,
ஓடும் லாரிகளுக்கான சரளைக்கல் மேடு.
அச்சு வரை புதைந்து நின்றோம்.
யாரும் பேசவில்லை.
பிஸ்கட் மட்டும் ஒரு முறை தும்மியது.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் பிரேக்கோடு கிடந்தேன்.

பெட்ரோல் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.
அந்த வெற்றிடத்தைக் கடன் வாங்கித்தான்
பிரேக் காலுக்கு உதவும்.
டீசலுக்கு அது வராது.
எப்போதும் நெஞ்சு நிறையக் காற்று,
வெறுமையே தெரியாத பிறவி.
வெறுமையைத் தயாரிக்கத் தனியாக ஒரு பம்பு வைத்திருந்தார்கள்.
அதன் குழாய் வெடித்து எத்தனை வருடமோ.
அதைக் கழற்றிப் போட்டேன்.
ஸ்டீயரிங் எண்ணெயின் அழுத்தத்திலேயே
வேலை செய்யும் பூஸ்டர் ஒன்றை
உதிரிபாகக் கடை லவோன்
உடைந்த வண்டியிலிருந்து எடுத்துத் தந்தாள்.

பின் டிரம்மைச் சுத்தியலால் தட்டித் திறந்தால்
துருவில் உறைந்த திருகு,
தேயவே தேயாத பட்டை.
இத்தனை காலம் பின்சக்கரங்கள்
சும்மா கூட வந்திருக்கின்றன.
முன்னிரண்டும் தனியாக அழுதிருக்கின்றன.
கனத்த வண்டியின் சிலிண்டர்கள் போட்டேன்.
பழைய திரவம் கருந்தேநீர் போல வடிந்தது.

வண்டிக்கடியில் நான், பெடலில் ஓரின்.
"அழுத்து."
"பிடி."
"விடு."
அந்த மாதம் நாங்கள் பேசிய
ஆகப் பெரிய உரையாடல்.

செலவு ஆயிரத்து நூறு டாலர்.
தீவனக் கடையில் இதை யாரிடமும்
பெருமையாகச் சொல்ல முடியாது.
எத்தனை குதிரை என்றுதான் கேட்பார்கள்.

மார்ச்சில், ஊரின் ஒரே சிக்னலில்
பழக்க தோஷத்தில் முழுக்க மிதித்தேன்.
காபி கோப்பையை விட்டுக்
கண்ணாடிக்குப் போனது.
ஓரின் துடைத்தான்.
துடைத்துக்கொண்டே,
"அந்தத் தகட்டை இன்னும் கொஞ்சம்..." என்றான்.
"முதலில் எலி கடித்த ஒயர்" என்றேன்.

பிஸ்கட் விற்றுப்போனது.
மேபல் டிரெய்லரைக் கண்டால்
பின்னங்காலில் நிற்கிறது.
கதவைத் திறந்து வைத்துவிட்டு
ஓட்ஸ் வாளியோடு நிற்கிறேன்.
பிரேக் புதிது என்று
அதனிடம் எந்தப் பக்கமிருந்து சொல்வது?